அக்காவுக்கு இரண்டு கார்டு

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெயர் பேக்கப். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லாமல் போய்விட்டது. முப்பது வருஷத்துக்கு முன் பதிவறைக்கு முதல் கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது, மற்றவர்கள் எல்லாம் அது கடித்துவிடும் என்பதுபோல் நாலடி தள்ளி நின்றார்கள். இவர் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் மதியம் ஒரு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு, ஃப்ளாப்பிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செருகி, உள்ளே இருக்கிற தகவலுக்கெல்லாம் நகல் எடுப்பார். அந்த நேரத்தில் தலைமை டாக்டரே வந்து தட்டினாலும் "பேக்கப் ஓடுது சார், அப்புறம் வாங்க" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்.

அவருக்கு இரண்டு விஷயத்தில் பெருமை. ஒன்று, அவருடைய ஃபைலில் டூப்ளிகேட் கிடையாது. ஒரு ஆளுக்கு ஒரு நம்பர்தான். இரண்டு, அவருடைய பதிவறையில் காகிதம் கிடையாது. அவர் வேலைக்குச் சேர்ந்தபோது பதிவறை என்பது மூன்று அறை நிறையக் கார்டுகளும், அந்தக் கார்டுகளைத் தின்று கொழுத்த பூச்சிகளும்தான். ஒவ்வொரு கார்டாகத் தட்டி உள்ளே ஏற்றி, ஏற்றியதைக் கட்டுக் கட்டாகக் கட்டி, அழிப்புப் பட்டியலில் கையெழுத்துப் போட்டு, லாரியில் காகித ஆலைக்கு அனுப்பிவைத்தவர் இவர். யாராவது பழைய கார்டைக் கேட்டு வந்தால் "அதான் கம்ப்யூட்டர்ல இருக்குல்ல" என்பார். ஒரு நாளைக்கு இருபது முறையாவது சொல்வார். தூக்கத்திலும் சொல்வதாக அவர் மனைவி சொல்லியிருக்கிறாள்.

அக்கா இதற்கு நேர் எதிர். அவளுக்கு அறுபத்தொரு வயது, தம்பியைவிட ஐந்து வயது மூத்தவள். இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறாள். ரொம்ப காலம் தையல் கடை வைத்திருந்தவள். வாடிக்கையாளர் செத்தே போனாலும் அவருடைய அளவுச் சீட்டை எறியமாட்டாள். மகன் அதே உடம்புவாகோடு வந்து நிற்கமாட்டானா என்பாள். அந்தப் பழக்கம் அவள் கைப்பைக்கும் வந்துவிட்டது. எப்போதோ தேய்ந்து எறிந்த செருப்பின் ரசீது, நின்றுபோன பஸ்ஸின் டிக்கெட், யாருடையது என்றே தெரியாத போன் நம்பர் எழுதிய துண்டு, எல்லாம் அந்தப் பைக்குள் ரப்பர் பேண்டு போட்டு அடுக்கியிருக்கும்.

"அக்கா, இதைத் தூக்கித் தூக்கியே உன் தோள்பட்டை கழண்டுடப்போவுது" என்பார் தம்பி.

"காகிதம் என்ன சோறா கேக்குது? இருந்துட்டுப் போவட்டும்டா" என்பாள்.

அந்த அக்காவுக்குத்தான் பித்தப்பையில் கல் வந்தது. மூன்று மாதமாக வலியில் துடித்தாள். அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன் என்று முடிவானது. அதற்கு ஒரு வாரம் முன்பு, அதுவும் ஒரு வியாழக்கிழமை, மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் அவளை அழைத்துப் போனார். நாற்பது வயசுப் பெண் டாக்டர். தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டே கேட்டார்.

"முன்னாடி எப்பவாவது ஆபரேஷன் ஆயிருக்காம்மா?"

"ஆயிருக்கு. குடல்வாலு. இதே ஆஸ்பத்திரிதான். எனக்கு அப்ப முப்பத்திமூணு வயசு. ஊசி போட்டதும் நான் போயிட்டேன்னு சொன்னாங்க. அப்புறம் எப்படியோ திரும்பி வந்துட்டேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "போயிட்டீங்கன்னா? என்ன ஆச்சு? எந்த ஊசிக்கு?"

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவளுக்கு அதற்குமேல் தெரியாது. அன்று மயக்கம் கொடுத்த டாக்டரும் காலமாகிப் பதினொரு வருஷம் ஆகிறது. ஆனால் தம்பி முகத்தில் கவலையே இல்லை.

"எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு மேடம். நானே என் கையால டைப் பண்ணினது. பத்து நிமிஷம் குடுங்க."

"அவ்வளவு லேசா எடுத்துக்காதீங்க" என்றார் டாக்டர். "அன்னிக்கு ஏழெட்டு மருந்து போயிருக்கும். அதுல எதுன்னு தெரியாம நான் இவங்க மேல கை வெக்க மாட்டேன். டெஸ்ட் எடுக்கலாம், ஆனா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும், அங்க மூணு மாசம் வரிசை. இந்தக் கல்லு அதுவரைக்கும் சும்மா இருக்காது. அடைச்சிச்சுன்னா அவசரத்துல தூக்கிட்டு வருவீங்க. அப்ப எதைக் குடுக்கிறது, எதை விடறதுன்னு யாருக்கும் தெரியாது. புதன்கிழமை சாயங்காலத்துக்குள்ள அந்தக் குறிப்பு எனக்கு வேணும்."

"பத்து நிமிஷம் மேடம்" என்றார் பேக்கப் மறுபடியும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

பதிவறைக்கு அடுத்த அறையில் கம்ப்யூட்டர் பிரிவு. அதைப் பார்த்துக்கொள்கிறவரை எல்லோரும் சிஸ்டம் சார் என்பார்கள். நல்ல மனிதர்தான், எதைக் கேட்டாலும் முதலில் இல்லை என்று சொல்லிவிட்டு அப்புறம் யோசிப்பார்.

"பழைய குறிப்பெல்லாம் புதுசுல இல்ல சார். பன்னண்டு வருஷம் முன்னாடி மாத்தும்போது பேரு, நம்பரு, பிறந்த தேதி, வந்த தேதி மட்டும்தான் கொண்டு வந்தாங்க. மத்தது லெகசி."

"லெகசின்னா?"

"பழசுன்னு அர்த்தம்."

"அதைப் பழசுன்னே சொல்லலாமே! குறிப்பு வரலைன்னு ஒருத்தராவது என்கிட்ட சொன்னீங்களா?"

"நீங்க ஒரு தடவையாவது திறந்து பார்த்தீங்களா சார்?"

பேக்கப் திறந்து பார்க்கவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் யாரும் கேட்கவில்லை, அதனால் அவரும் தேடவில்லை. இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். பத்து நிமிஷம் அங்கேயே தீர்ந்துவிட்டது.

சரி, பேக்கப் என்று பெயர் வாங்கியவரிடம் பேக்கப் இல்லாமலா போய்விடும்? பீரோவின் அடித்தட்டில் தகர டப்பா இருந்தது. டப்பாவுக்குள் நாற்பது ஃப்ளாப்பி. ஒவ்வொன்றிலும் அவருடைய முத்து முத்தான கையெழுத்தில் வார எண். ஆனால் ஆஸ்பத்திரியில் இருக்கிற நூற்று முப்பது கம்ப்யூட்டரில் ஒன்றில்கூட ஃப்ளாப்பி செருகும் வாய் இல்லை. வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கடைத்தெருவில் இருந்த ரிப்பேர்க் கடைக்குப் போனார். கடைக்காரர் மேல் அலமாரியிலிருந்து ஒரு ஃப்ளாப்பி டிரைவை எடுத்து, ஊதித் தூசி தட்டி மாட்டினார். முதல் ஃப்ளாப்பி டக் டக் என்று அடித்துக்கொண்டு நின்றது. இரண்டாவதும் அப்படியே. ஐந்தாவதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் தட்டு முழுக்க வெள்ளைப் பூஞ்சை.

"இதுங்க கதை முடிஞ்சுதுண்ணே" என்றார் கடைக்காரர். "மெஷின் எங்க? அதுல டிஸ்க்கு இருக்குமே?"

பழைய மெஷின் ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கீழே பூட்டிய அறையில் இருந்தது. உடைந்த சக்கர நாற்காலிகள், கால் போன கட்டில்கள், ஒரு பழைய எடை பார்க்கும் மெஷின், இத்தனைக்கும் அடியில். காவலாளியிடம் சாவி வாங்க ஒரு கடிதம் கேட்டார்கள். கடிதத்தில் கையெழுத்துப் போடவேண்டியவர் மீட்டிங்கில் இருந்தார். மீட்டிங் நாலு மணி வரை நடந்தது. பேக்கப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அப்போது அக்காவின் போன்.

"என்னடா, பத்து நிமிஷம் ஆச்சா?"

"ஆயிட்டே இருக்குக்கா" என்றார். குரலில் எரிச்சல் வந்துவிட்டது. அவளிடம் போய் எரிந்து விழுகிறோமே என்று அதற்கும் சேர்த்துத் தன்மேலேயே கோபம் வந்தது.

சனிக்கிழமை காலை அந்த டிஸ்க்கைக் கழற்றிக் கொண்டுபோய்க் கடைக்காரரிடம் கொடுத்தார். செங்கல் கனம். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓட்டுப் போடற வயசு தாண்டியிருக்கும் போலிருக்கே" என்றார். அதன் பின்பக்கத்து ஊசிகள் இப்போதைய எந்த ஒயருக்கும் சேராது. சேர்க்கிற ஒரு அடாப்டரை வேறொரு கடையிலிருந்து வரவழைத்தார்கள். மின்சாரம் கொடுத்ததும் டிஸ்க் கீச்சென்று கத்தியது, அப்புறம் சுற்ற ஆரம்பித்தது.

"சில இடத்துல நூறு தடவை கேட்டா ஒரு தடவை சொல்லுது. அவசரப்படுத்தினா ஒரேயடியா படுத்துக்கும். ஓடவிட்டுட்டுப் போறேன். நாளைக்குக் கடை லீவு. திங்கக்கிழமை வாங்க."

"லீவா? ஞாயித்துக்கிழமை ஒரு நாள் திறக்கக்கூடாதா?"

"எனக்கும் குடும்பம் இருக்குண்ணே."

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பேக்கப் வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பூட்டிய கடையை இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். என்னத்தைப் பார்த்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

திங்கள் சாயங்காலம் ஒரு பென் டிரைவ் கைக்கு வந்தது. அதில் இரண்டு ஃபைல். ஒன்று பெயர் ஃபைல். பெயர், நம்பர், பிறந்த தேதி, வந்த தேதி. இன்னொன்று குறிப்பு ஃபைல். டாக்டர்கள் எழுதியதையெல்லாம் இவர் தட்டி ஏற்றியது. இரண்டும் முழுசாக வந்திருப்பதைப் பார்த்ததும் கடைக்காரரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இனி என்ன, திறந்து படிக்கவேண்டியதுதானே?

செவ்வாய் காலை சிஸ்டம் சார் அறையில் திறந்தார்கள். புது கம்ப்யூட்டர் குறிப்பு ஃபைலைத் திறக்கவே மாட்டேன் என்றது. எந்த புரோகிராமில் திறப்பது என்று இவர்களையே திருப்பிக் கேட்டது. பெயர் ஃபைல் மட்டும் கட்டம் கட்டமாகத் திறந்தது. கடைசிக் கட்டத்தில் குறிப்பு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் எண்கள். 4117. 4118. 4121.

"கரப்ட் ஆயிடுச்சு சார்" என்றார் சிஸ்டம் சார்.

"ஒண்ணும் ஆவல. அது பக்க நம்பர். இந்த ஆளோட குறிப்பு அந்த ஃபைல்ல நாலாயிரத்து நூத்திப் பதினேழாம் பக்கத்துல இருக்குன்னு அர்த்தம். ஒரு பக்கத்துக்கு ஐநூத்திப் பன்னண்டு எழுத்து. அந்தக் காலத்துல அப்படித்தான்."

சிஸ்டம் சார் முதல் தடவையாக அவரைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார். பேக்கப்புக்கும் தெம்பு வந்தது. அக்காவின் பெயரைத் தேடினார். ஒரே ஒரு வரி வந்தது. பிறந்த தேதி சரி. பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு, குறிப்பு ஃபைலை வெறும் எழுத்தாகத் திறந்து, அந்த இடத்துக்குப் போனார்கள்.

'இரண்டு நாளாக இருமல். சளி இல்லை. மருந்து மூன்று நாளைக்கு.'

பேக்கப் அதை மூன்று முறை படித்தார். வந்த தேதியைப் பார்த்தார். ஆபரேஷன் நடந்து ஒரு வருஷம் கழித்து.

நடந்தது இதுதான். குடல்வால் ஆபரேஷனுக்கு வந்தபோது அக்காவுக்கு ஒரு கார்டு போட்டார்கள். அடுத்த வருஷம் இருமலோடு வந்தாள். கவுண்டரில் வரிசை வாசல்வரை நின்றது. சொந்த அக்காவை வரிசையில் நிற்க வைப்பானா தம்பி? பக்கவாட்டுக் கதவு வழியாக அழைத்துவந்து, தன் மேசையிலேயே புதிதாக ஒரு நம்பர் போட்டு, ஐந்தே நிமிஷத்தில் டாக்டரிடம் அனுப்பிவிட்டார். பழைய நம்பரைத் தேடவில்லை. தேடினால் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். ஆஸ்பத்திரி ஊழியர்கள் எல்லோரும் வீட்டாருக்கு அப்படித்தான் செய்தார்கள். அதனாலேயே ஃபைலில் இரட்டைப் பதிவு பெருகியது.

அப்புறம் ஒரு சனிக்கிழமை பேக்கப்புக்குச் சுத்தப்படுத்தும் வெறி பிடித்தது. பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிற பதிவுகளில் புதியதை வைத்துக்கொண்டு பழையதை நீக்கு என்று ஒரே கட்டளை போட்டார். நானூற்றுப் பன்னிரண்டு டூப்ளிகேட் ஒரே அடியில் போயிற்று. நீக்குவதற்கு முன் பழைய குறிப்பை எடுத்துப் புதியதோடு சேர்த்திருக்கவேண்டும். அந்தக் காலத்துத் திரையில் குறிப்பு தெரியாது; 'குறிப்பு' என்ற சொல்தான் கட்டத்தில் நிற்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு பட்டனை அமுக்கவேண்டும். நானூற்றுப் பன்னிரண்டு முறை அமுக்க அவருக்குப் பொறுமை இல்லை. அதைத்தான் இத்தனை வருஷமாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"டெலீட் பண்ணினாலும் அடையாளம் மட்டும்தான சார் வெக்கும் பழைய புரோகிராம்?" என்று கேட்டார் சிஸ்டம் சார், நிஜமான அக்கறையோடு. "வரி உள்ளயே மறைஞ்சு இருக்குமே?"

"இருக்கும். நட்சத்திரக் குறி போட்டு வெச்சிருக்கும். ஆனா நான் அப்புறம் 'பேக்'னு இன்னொரு கட்டளையும் குடுத்துட்டேன், பேக்கப் இல்ல, இது வேற. அது நட்சத்திரம் போட்ட வரியை எல்லாம் நிஜமாவே துடைச்சு, ஃபைலை இறுக்கிடும். வாரா வாரம் குடுத்தேன். ஃபைல் சின்னதா இருக்கணும்னு." கொஞ்சம் நிறுத்தி, "ஃப்ளாப்பியும் நாலே செட்டுதான். நாலு வாரத்துக்கு ஒரு தடவை அதும்மேலயே எழுதினேன். பூஞ்சை பிடிக்காம இருந்திருந்தாலும் அதுல இருந்திருக்காது" என்றார்.

ஐந்து நாளாக அவர் யார் யாரையெல்லாம் திட்டினார்! சிஸ்டம் சாரை, கடிதம் கேட்ட காவலாளியை, மீட்டிங் போட்டவரை, ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிய கடைக்காரரை. அத்தனை திட்டும் இப்போது திரும்பி வந்து அவர் தலையிலேயே விழுந்தது. எழுந்து வெளியே போய், வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றார். கண்ணில் தண்ணீர் முட்டியது. ஐம்பத்தாறு வயசு ஆள் ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதால், யாரோ செத்துவிட்டார்கள் என்று பக்கத்தில் நிற்கிறவர் ஆறுதல் சொல்ல வந்துவிடுவார். முகத்தைத் துடைத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போய் ஒரு டீ சொன்னார்.

டீயை வாங்கியவர் குடிக்காமலே வைத்துவிட்டார். அந்த டப்பா ஞாபகத்துக்கு வந்தது. பெயர் ஃபைலை நகல் எடுக்க எப்போதும் இரண்டு ஃப்ளாப்பி போதும். குறிப்பு ஃபைலுக்கு முதலில் மூன்று, பிறகு ஐந்து, பிறகு எட்டு. எவ்வளவுதான் துடைத்து இறுக்கினாலும் அந்தச் சனியன் மட்டும் இளைக்கவே இளைக்காது. சனிக்கிழமை இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போகவேண்டியவர் நாலு மணிக்குப் போவார். எத்தனை வருஷம் அந்த ஃபைலைச் சபித்தார்! அது ஏன் இளைக்கவில்லை? பேக் கட்டளை பெயர் ஃபைலைத்தான் துடைக்கும். குறிப்பு ஃபைலைத் தொடவே தொடாது.

டீக் கிளாசை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். அந்த உடம்போடு அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"சார், குறிப்பு உள்ளதான் இருக்கு! எந்தப் பக்கம்னு சொல்ற வரி மட்டும்தான் போச்சு!"

"உள்ள பதினாலாயிரம் பக்கம் இருக்கே சார். பேரும் இருக்காது. எதை அக்காவோடதுன்னு சொல்வீங்க?"

அதுவும் சரிதான். குடல்வால் என்று தேடிப் பார்த்தார்கள். அறுநூற்றுப் பதினொன்று வந்தது. வயசு முப்பத்திமூன்று என்று எழுதியது பாதியில் உண்டு, பாதியில் இல்லை. மருந்துக்கு ஒவ்வாமை என்று தேடினால் டாக்டருக்கு டாக்டர் ஒவ்வொரு விதமாக எழுதியிருந்தார்கள். தப்பான ஆளின் குறிப்பை எடுத்துக் கொடுத்தால் ஒன்றும் கொடுக்காததைவிட மோசம். அன்று மாலை ஆறு மணிவரை படித்துப் படித்துக் கண் பூத்துப்போனதுதான் மிச்சம்.

புதன்கிழமை காலை பேக்கப் வரும்போதே ஒரு முடிவோடு வந்தார். பெயர் ஃபைலில் அக்காவுக்கு ஆபரேஷன் நடந்த மாதத்து ஆட்களை மட்டும் எடுத்து, பக்க எண் வரிசையில் அடுக்கச் சொன்னார். குறிப்புகள் வந்த வரிசையில்தான் ஏறியிருக்கும். தைத்த நோட்டில் தாள் போயிருந்தால் பக்க எண் தாண்டும் அல்லவா? அப்படித் தாண்டுகிற இடத்தில்தான் சொந்தக்காரர் இல்லாத குறிப்பு இருக்கும். அந்த மாதத்தில் முப்பத்தாறு இடத்தில் எண் தாண்டியது. ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். பெரும்பாலானவை முந்தின பக்கத்து நீண்ட குறிப்பின் தொடர்ச்சிதான். அவற்றைக் கழித்தால் மிஞ்சியது ஒன்பது. ஒரு பல்வலி. இரண்டு காய்ச்சல். ஒரு பிரசவம். ஒரு நாய்க்கடி.

ஆறாவதில் குடல்வால்.

'வயது 33. தசையைத் தளர்த்தும் ஊசி போட்ட இரண்டாவது நிமிடம் ரத்த அழுத்தம் விழுந்தது. உடம்பு முழுக்கத் தடிப்பு. மூச்சுக்குழல் இறுகியது. நாற்பது நிமிடம் போராடி மீட்கப்பட்டார்.' அதற்குக் கீழே மருந்தின் பெயர், அளவு. 'இந்த மருந்தை இவருக்கு இனி ஒருபோதும் கொடுக்கக்கூடாது.'

"கிடைச்சிடுச்சு சார்!" என்று சிஸ்டம் சார் அவர் முதுகில் தட்டினார். பேக்கப் திரும்பவில்லை. அவர் அதற்குக் கீழே இருந்த வரிகளைப் படித்துக்கொண்டிருந்தார்.

'கார்டின் முகப்பில் சிவப்பு மையில் எழுதவும். மருந்தின் பெயர் எழுதிய சீட்டு நோயாளியின் தம்பியிடம் (நமது பதிவறை ஊழியர்) நேரில் கொடுக்கப்பட்டது. நோயாளி இதை எப்போதும் கைவசம் வைத்திருக்கவேண்டும் என்று விளக்கப்பட்டது.'

கடைசியில் தட்டச்சு செய்தவரின் அடையாளமாக இரண்டு எழுத்து. அவருடைய எழுத்துதான்.

நம் அக்காவேதான், சந்தேகமில்லை. அந்தச் சீட்டும் இப்போது ஞாபகம் வந்தது. மடித்த சின்ன வெள்ளைச் சீட்டு. அந்த டாக்டர் வராந்தாவில் இவர் தோளில் கை வைத்து ஏதோ சொல்லிக்கொண்டே கொடுத்தார். அக்கா பிழைத்துவிட்டாள் என்ற சந்தோஷத்தில் இவர் தலையை மட்டும் ஆட்டினார். சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், மறுநாள் காலை குறிப்பைத் தட்டி ஏற்றினார். கார்டே அடுத்த மாதம் காகித ஆலைக்குப் போகப்போகிறது, அதில் எதற்குச் சிவப்பு மை என்று நினைத்தார். சீட்டையும் கார்டோடு சேர்த்துக் குத்தினார். அதான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே.

மயக்க டாக்டர் அன்று மதியம் அந்தத் தாளைக் கடைசி வரிவரை படித்தார். படித்துவிட்டு நிமிர்ந்து இவரைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "நாளைக்குக் காலையில ஆறு மணிக்குக் கூட்டிட்டு வாங்க. வெறும் வயித்தோட" என்று மட்டும் சொன்னார்.

ஆபரேஷன் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. எந்தத் தொல்லையும் இல்லை. சாயங்காலம் அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, தம்பி வந்ததும் வராததுமாகத் தன் கைப்பையைக் கேட்டாள். பேக்கப் எடுத்துக் கொடுத்தார். சொல்லாமல் இருந்துவிடலாம் என்று காலையிலிருந்து நினைத்திருந்தார். அவளுக்கு எப்படித் தெரியப்போகிறது? டாக்டர் சொல்லமாட்டார். ஆனால் அவள் பையைத் திறந்து உள்ளே எல்லாம் இருக்கிறதா என்று ரப்பர் பேண்டு கட்டுகளைத் தடவிப் பார்த்ததும், அவருக்குத் தாங்கவில்லை.

"அக்கா, அன்னிக்கே டாக்டர் சீட்டு எழுதிக் குடுத்தாரு. உன்கிட்ட குடுக்கச் சொல்லி. நான் குடுக்கல."

"எந்தச் சீட்டு?"

எல்லாவற்றையும் சொன்னார். சீட்டு, சிவப்பு மை, இரண்டு கார்டு, நீக்கியது, ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்கக் கேட்க அக்காவின் முகம் கறுத்துக்கொண்டே போயிற்று.

"இருபத்தெட்டு வருஷம்" என்றாள் கடைசியில். "நடுவுல ரெண்டு பல்லு பிடுங்கினேன். ஒரு தடவை பஸ்ல இருந்து விழுந்து மண்டையில தையல் போட்டாங்க. எவனாவது அந்த ஊசியைப் போட்டிருந்தா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து ரப்பர் பேண்டைக் கழற்றினாள். நிறம்போன துண்டு ஒன்றை உருவி அவர் முன்னால் நீட்டினாள். கேன்டீன் டோக்கன். இந்த ஆஸ்பத்திரிக் கேன்டீன்தான். இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தின தேதி.

"எனக்கு முழிப்பு வந்த அன்னிக்கு நீ பன்னும் பாலும் வாங்கிட்டு வந்த டோக்கன். இது இருக்குடா. அது என் கைக்கு வந்திருந்தா இருந்திருக்காதா?"

எதிர்க் கட்டில்காரர் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உக்காந்துட்டு இருக்காத. எழுது. கண்ணாடி போடாமலே தெரியற மாதிரி பெரிசா எழுது" என்றாள்.

நர்ஸிடம் போய்ச் சிவப்புப் பேனா கேட்டு வாங்கி வந்தார். அட்டை ஒன்றில் மருந்தின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, தாளில் இருந்ததோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டாவது முறையும் பார்த்தார். அக்கா அதை வாங்கி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படித்து, அந்த டோக்கனோடு சேர்த்து வைத்து ரப்பர் பேண்டைப் போட்டாள்.

"அக்கா, அதுக்கு ஒரு நகல் எடுத்து நான் வெச்சுக்கட்டுமா?"

அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"உன்கிட்டயா? வேணாம்."